எட்டு ஜோடி செருப்பு

வரதப்பன் தன் பெரிய புறநகர் வீட்டைத் தனி ஆளுக்கு வாடகைக்கு விடுவதில்லை. “ஆள் நெறஞ்சு இருந்த வீடு சார்,” என்றார். “நாங்க எட்டுப் பேர்,” என்று சொல்லிக் குடிவந்த கனகசபைக்கு யாருமில்லை. சின்னதும் பெரியதுமாக எட்டு ஜோடி செருப்பு வாங்கி வாசலில் போட்டார். காலையில் பாதியை உள்ளே எடுத்து வைப்பார், சாயங்காலம் திரும்ப வெளியே விடுவார். ஒரு ஞாயிறு மத்தியானம் வரதப்பன் வந்து, தன் செருப்பையும் அந்த வரிசையில் கழற்றி விட்டார். “எல்லாரும் எங்கே?” “தூங்குறாங்க சார்.” அறைக் கதவுகள் எல்லாமே திறந்து கிடந்தன. வரதப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். காப்பி குடித்து முடிக்கும்வரை இருவரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். கிளம்பும்போது அவர் தன் செருப்பைத் தொடவில்லை. “இது இங்கேயே கிடக்கட்டும்,” என்று சொல்லி வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்.