அடைப்பு எடுத்த கண்

"ஏனுங்க டாக்டரம்மா, ஆபரேஷன் சரியா ஆகலீங்களா? இவ கண்ணுல இன்னும் தண்ணி வடியுதுங்களே!"

எஸ்டேட் லாரி ஓட்டும் கோவிந்தராஜின் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். பக்கத்தில் மனைவி மேகலா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு கடைவீதி மூடுபனியில் மங்கிக் கிடந்தது.

இரண்டு கண்ணிலும் கண்ணீர் போகும் பாதை அடைத்திருக்கிறது என்று போன வருஷம் சொன்னார்கள். முகத்தில் கத்தி படக் கூடாதென்று அலைந்து விசாரித்து, சேலத்தில் மூக்கு வழியாகவே சின்னக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு அவளைக் கூட்டிப்போனவன் அவன்தான்.

"வேண்டாங்க, இது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று மேகலா எவ்வளவோ மறுத்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் தஸ்லீமா கண்ணோரத்தை அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை. பாதைக்குள் மெல்ல உப்புத் தண்ணீரைச் செலுத்தினார்.

"தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா?"

"கரிக்குதுங்க."

அடுத்த கண்ணிலும் அதே பதில்தான்.

"வழி ரெண்டும் நல்லாத் திறந்திருக்கு. அடைப்பே இல்லை."

"அப்புறம் ஏனுங்க வடியுது? பகல்ல நல்லாத்தான் இருக்குதாம், பக்கத்து ஊட்டு பூவாயி சொல்லுது. நான் உள்ள வந்தாத்தான் நொம்ப வடியுதுங்க. லாரிப் பொகை சேரலையோன்னு இப்பெல்லாம் வாசல்லயே குளிச்சுட்டுத்தான் உள்ள போறேன்."

டாக்டர் மேகலாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. கண்ணு உறுத்துதா?"

"இல்லீங்க."

"வலிக்குதா?"

கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் துடைக்கவில்லை. முதல்முறையாக நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம மக இலக்கியா செத்த அன்னிக்கு, 'ஓடிப்போனவளுக்காக இந்த ஊட்டுல ஒருத்தரும் அழக் கூடாது'ன்னு சொன்னீங்க. கண்ணுல நோவு இருந்தவரைக்கும், உங்க முன்னாலயே உக்காந்து அழுதுட்டிருந்தேனுங்க."