கண்ணாடி மாதிரி ஒரு வாணலி

"இதுல உன் மூஞ்சி தெரியுதா இல்லையா? பார்த்துச் சொல்லு மாப்ள!"

பாலிஷ்காரர் வாணலியைத் தூக்கி, மச்சினனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முழங்கை வரை கறுப்பு. காலடியில் கசங்கிய உப்புத்தாள்கள். நாற்காலி, மேசை, அலமாரி என்று ஊரார் வீட்டு மரச்சாமான்களுக்கு மெருகேற்றுவது அவர் தொழில். மங்கலாக ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது.

சமையலறை விளக்கை மாற்ற வந்திருந்த மச்சினன் ஏணியிலிருந்தபடியே குனிந்தான்.

"பல்லிடுக்குல இருக்கிறதுகூடத் தெரியுது மாமா. எங்கே வாங்கினீங்க?"

"வாங்கினதா? நம்ம பழைய வாணலிடா! காலையில கன்னங்கரேல்னு கிடந்துச்சே, அதேதான். முதல்ல முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள். கரி என்னமா ஒட்டியிருந்துச்சு தெரியுமா? தோள்பட்டை கழண்டுடுச்சு."

மச்சினன் மளமளவென்று இறங்கினான். வாணலியை வாங்கி உள்பக்கம் தடவிப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"மாமா, இது நான்-ஸ்டிக் வாணலிதானே?"

"ஆமா."

"நீங்க தேய்ச்சு எடுத்தது கரி இல்ல மாமா. அதான் நான்-ஸ்டிக்."

"புரியிற மாதிரி சொல்லு."

"நீங்க மேசைக்கு வார்னிஷ் அடிக்கிறீங்கல்ல? அந்த மாதிரி கம்பெனிக்காரன் அடிச்சுக் கொடுத்த பூச்சு."

"வார்னிஷையா சுரண்டிட்டேன்!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவன் போட்ட நல்ல பூச்சின் மேல் உப்புத்தாளை வைத்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"யார் மாமா உங்களைத் தேய்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பக்கத்து வீட்டு வாணலி கண்ணாடி மாதிரி மின்னுதாம். நான் தொழில்காரன். என் வீட்டு வாணலி கரி பிடிச்சுக் கிடக்கலாமா?"

"பக்கத்து வீட்டுல இருக்கிறது எவர்சில்வர் மாமா!"

பாலிஷ்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தலையும் கறுப்பாயிற்று.

அவர் கவலை வாணலியைப் பற்றியது அல்ல. அந்த வீட்டில் எந்தப் பொருளும் அவர் உத்தரவில்லாமல் வெளியே போக முடியாது. கைப்பிடி ஆடும் கரண்டி, மூடி வளைந்த பிளாஸ்டிக் டப்பா, எதைக் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். "சாப்பாட்டுல கறுப்பு கறுப்பா உரிஞ்சு வருதுங்க, வேற வாணலி வாங்கலாம்" என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "மிளகுன்னு நினைச்சுக்கோ. இது நம்ம பேரன் கல்யாணம் வரைக்கும் உழைக்கும். நான் பொறுப்பு" என்று நேற்றுக்கூட அடித்துச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு இன்னும் பிள்ளையே இல்லை.

"உங்க அக்கா இதைப் பார்த்தா என் பேச்சு இனி இங்க எடுபடுமாடா? இன்னைக்கு வாணலி. நாளைக்கு டப்பா. அப்புறம் என் சைக்கிளையும் குப்பையில போட்டுடுவா!"

"அக்கா தையல் பட்டறையிலேர்ந்து வர்றதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சுடுவோம். கிளம்புங்க."

பாத்திரக் கடைக்காரர் வாணலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாடல் வர்றதே நின்னு போச்சே! இதையா இன்னும் வச்சிருந்தீங்க?"

"நல்லாத்தானே..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார் பாலிஷ்காரர்.

மச்சினன் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினான். அடி கனமான எவர்சில்வர் வாணலி.

"இதை வாங்குங்க மாமா. பூச்சே கிடையாது. உரியறதுக்கும் ஒண்ணுமில்ல, சுரண்டறதுக்கும் ஒண்ணுமில்ல."

"உங்க அக்கா கேட்டா என்னடா சொல்றது?"

"உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுங்க. நீங்களே யோசிச்சு வாங்கின மாதிரி சொல்லுங்க."

பழையதைக் கடையிலேயே தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். வாங்கியதை அடுப்பில் வைத்துக் கையை எடுக்கவில்லை, மனைவி வந்துவிட்டாள். அடுப்பின் மேல் புது வாணலியைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க இது?"

"முதல்ல நீ உட்காரு." பாலிஷ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? பழைய வாணலியில பூச்சு உரிஞ்சு சாப்பாட்டுல கலக்குது. நாம அதை மிளகுன்னு நினைச்சு முழுங்கிட்டிருக்கோம். இப்படியே விடலாமா? வாணலி போனா வேற வாங்கலாம். உன் உடம்பு போனா வாங்க முடியுமா?"

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே!" அவள் கண்கள் அகல விரிந்தன. "இதையெல்லாம் எங்கேங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் அனுபவம்தான்" என்று சொல்லிவிட்டு, அனுபவத்தை முழங்கையிலிருந்து கழுவ நிமிர்ந்த நடையோடு குளியலறைக்குள் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மச்சினன் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வழியனுப்ப அக்கா வாசல் வரை வந்தாள்.

"போன வாரம் கடையில நீ எனக்குக் காட்டின வாணலி அதுதானேக்கா?" என்றான் மெதுவாக.

"அதேதான்டா. வர்ற ஞாயிற்றுக்கிழமையும் ஒரு எட்டு வந்துடு. பக்கத்து வீட்டுல பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பளிச்சுன்னு எடுக்கிறாங்கன்னு சனிக்கிழமையே அவர் காதுல போட்டு வைக்கிறேன்."