துப்பட்டாவின் கலக்கம்

ஒரு வீட்டில் துப்பட்டாவும் துண்டும் ஒரே நாற்காலியின் முதுகில் கிடந்தபடி, தமிழில் பேசும் வெளிநாட்டு வக்கீல் தொடரைத் தினமும் பார்த்துவந்தன. பார்க்கப் பார்க்கத் துப்பட்டாவுக்குக் கவலை கூடியது.

“துண்டண்ணே, அந்த வக்கீலம்மா மேல என்னை மாதிரி ஒண்ணுமே இல்லையே. கோர்ட்டுல யாரும் ஏன்னு கேட்கவும் இல்லை.”

“அது அந்த ஊர் வழக்கம். அவங்க செருப்புக் காலோட கட்டில்ல ஏறுறாங்க. நம்ம வீட்ல ஏறுவாங்களா?”

“நம்ம வீட்டுப் பொண்ணு இளவேனில் நாளைக்குத்தான் முதல் முதலா ஆபீஸ் போறா. என்னை விட்டுட்டுப் போயிட்டா?”



சோபாவில் வெற்றுடம்போடு லுங்கியில் உட்கார்ந்திருந்த அப்பா, திரையைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும். என்ன தைரியம் பாரு.”

வாசல் மணி அடித்தது. நைட்டியில் இருந்த இளவேனில் எழுந்தாள்.

“துப்பட்டாவைப் போட்டுட்டுப் போய்த் திற,” என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தோளில் ஏறிய பிறகுதான் துப்பட்டாவுக்கு மூச்சு வந்தது. “என் வேலை போகாதுண்ணே,” என்றது.

பக்கத்து வீட்டுக் கனகவல்லி அக்கா உள்ளே வந்தாள். “வாங்க, உட்காருங்க,” என்றார் அப்பா, அதே வெற்றுடம்போடு உட்கார்ந்தபடி.

நாற்காலியில் துண்டு காத்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.