குற்ற வழக்கு எதுவும் இல்லை

அண்ணனை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அஜிஷா போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள்.

"நானும் வாறேன் ஏட்டி. ஒத்தையில போனா பயந்துருவ" என்றான் டெல்வின்.

"வேண்டாம். நீ வந்தா காரியம் கெட்டுப்போவும்."

அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சிரித்தான். "அதும் சரிதான். என் மூஞ்சியக் கண்டா ஏட்டுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துரும். நீ போ மக்கா."

முட்டத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை அவனுக்கு. அரை நாள் லீவு கேட்டு, மீன் வாடை மாறாத சட்டையோடு தங்கச்சியை பைக்கில் கூட்டி வந்திருந்தான். அவன் பைக்கோரம் ஒதுங்கியதைத் திரும்பிப் பார்க்காமல் அவள் உள்ளே போனாள்.

ஏட்டு முருகதாஸ் சாயா குடித்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"பிசிசிக்கு வந்த பிள்ளதான? எந்த ஊருக்குப் போற?"

"வியட்நாம் சார். ஹனோயில இங்கிலீஷ் டீச்சர் வேலை."

"நம்ம முட்டத்துக்காரி போயி அவனுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியா! கொள்ளாம், நல்ல காரியம்."

ஃபைலைப் பிரித்து வைத்தாள். பாஸ்போர்ட், பி.ஏ. பட்டம், வெளிநாட்டில் செல்லும் என்று அதன் பின்னால் ஒட்டிய அரசு அத்தாட்சி ஸ்டிக்கர், ஆங்கிலம் கற்பிக்க நூற்றிருபது மணி நேரப் பயிற்சி முடித்த சான்றிதழ், வேலை தந்த ஹனோய் பள்ளிக்கூடத்தின் கடிதம். பட்டத்தை கூரியரில் அனுப்பினால் தொலைந்துவிடும் என்று டெல்வினே சென்னைக்கு ரயிலேறிப் போய் ஸ்டிக்கர் ஒட்டி வாங்கி வந்திருந்தான். இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் பிசிசி சான்றிதழ். அது இல்லாமல் அங்கே வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

ஏட்டு விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டே வந்தவர், அப்பா பெயரில் நின்றார்.

"கிளீட்டஸ் மகளா? அப்பம் நீ டெல்வினுக்க தங்கச்சியா?"

"ஆமா சார்."

"அந்தக் கேஸுக்கு நான்தான் ஸ்பாட்டுக்குப் போனேன். ஆறு வருசம் இருக்கும். ரோட்டோரம் மரச்சீனிக் கிழங்கு வித்துட்டு இருந்த பெரியவரு மேல ஸ்கூட்டரக் கொண்டு இடிச்சிட்டான். வண்டி சரிஞ்சு இருபதடி இழுத்துட்டுப் போயிருக்கு. ஆனா பாரு, அவனுக்கு ஒரு கீறல் கூட இல்ல! பெரியவருதான் பாவம், இப்பமும் கம்பு ஊனித்தான் நடக்காரு."

அஜிஷா சுடிதாரின் முழுக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தப் பெரியவரை எங்கே கண்டாலும் அவள் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

"உங்க அண்ணனையும் குத்தம் சொல்லக் கூடாது. ஓடாம நின்னான். கோர்ட்லயும் ஒத்துக்கிட்டான். ஆனா அடுத்த வருசம் கப்பல் வேலை வந்தப்போ அவனுக்கும் இதே பிசிசி கேட்டாங்க. கேஸு உண்டுன்னு நாங்க எழுத வேண்டியதாப் போச்சு. அதோட அவனுக்கக் கப்பலும் போச்சு."

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டெல்வின் கப்பல் கம்பெனிக் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "குடும்பத்தக் கெடுத்துட்டியே பாவி" என்றாள். அவன் மறுநாள் விடிந்ததும் ஐஸ் பிளாண்டுக்குக் கிளம்பும்போது, அஜிஷாவிடம் மட்டும், "நீ படிப்ப விட்டுராத" என்றான். அதன்பிறகு அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவளால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை.

"சார், அந்தக் கேஸ்ல இருந்து அண்ணன் பேர எடுக்க வழி உண்டா?"

முருகதாஸ் சிரித்தார். "உனக்கு எதுக்குப் பயம்? அவனுக்கக் கேஸு அவனோட. உன் வேலைக்கு அது குறுக்க வராது. ரிக்கார்டுல உன் பேரப் போட்டுப் பாத்தாச்சு. உன் பேரு சுத்தம்."

ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "உன் கையாலயே எழுதி ஒப்புப் போடு. 'என் மீது எந்தக் குற்ற வழக்கும் இல்லை.' அவ்வளவுதான் சோலி."

பேனாவை எடுத்தாள். 'என் மீது' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஜன்னலுக்கு அப்பால் டெல்வின் எட்டிப் பார்த்து, 'ஆச்சா?' என்று சைகையால் கேட்டான். இரண்டு கையையும் இறக்கைபோல் விரித்து, விமானம் பறப்பதாக ஆட்டிக் காட்டினான்.

"எழுது பிள்ள. உள்ளதத்தான எழுதச் சொல்லுதேன்?"

உள்ளதுதான். அவள் பேரில் எந்த ஸ்டேஷனிலும் ஒரு வழக்கும் கிடையாது. அந்த வரியில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் எழுத முடியவில்லை.

"உங்க வீட்ல நீயாவது ஒரு கெட்ட பேரு இல்லாம வளந்தியே மக்கா" என்றார் ஏட்டு, சாயாவின் கடைசி மடக்கைக் குடித்தபடி. "அண்ணனப் போல ஆயிராத. நல்லா இரி."

அஜிஷா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு அந்த ஸ்கூட்டர ஓட்டினது நான்தான்."