கோணல் பூச்சு

"இதுக்குப் பேரு பூச்சா? சாணி அப்பற மாதிரி அப்பி வெச்சிருக்கே!"

ஆய்வாளர் போட்ட சத்தத்தில் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

நம் அரசாங்கம் வெளிநாட்டில் கட்டிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. ஆறு நாளில் ஒன்பதாவது கட்டடம். ஆய்வாளருக்கு முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. பார்த்த கட்டடமெல்லாம் ஒரே மாதிரி தோன்றிற்று. கையெழுத்தைப் போட்டோமா, விமானத்தைப் பிடித்தோமா என்றிருந்தது.

மாடியில் மற்ற தூண்களெல்லாம் வழவழவென்று இருக்க, இந்த ஒரு தூண் மட்டும் மேடும் பள்ளமுமாகப் பல்லை இளித்தது.

கீழ்த்தளம் போன வருஷமே திறந்தாயிற்று. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் மாடிவரை கேட்டது.

கான்ட்ராக்டர் குழைந்தார். "நம்ம ஊர் ஆளாச்சேன்னு கூட்டிட்டு வந்தேன் சார், மானத்தை வாங்கிட்டான். இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன். நீங்க வாங்க, டீ சாப்பிடலாம்."

"முப்பது வருஷமா இதே வேலைன்னு சொன்னியே, வெட்கமா இல்லே?" ஆய்வாளர் மேஸ்திரியை விடவில்லை.

"பார்க்க நல்லா இல்லைதாங்க. ஆனா கெட்டியான பூச்சு." மேஸ்திரி இப்போது தலையை நிமிர்த்தினார். "வேணும்னா தட்டிப் பாருங்க. ஒரு பொட்டு உதிர்ந்தாலும் நானே போயிடறேன்."

"வாயைப் பாரு!" கான்ட்ராக்டர் குறுக்கே பாய்ந்தார். "அவன் கிடக்கறான் சார், நீங்க வாங்க."

ஆய்வாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செய்ததே தப்பு, இதில் சவால் வேறயா? பையில் சும்மா கிடந்த சுத்தியலை எடுத்து ஓங்கித் தட்டினார்.

பொத்தென்று மொத்தப் பூச்சும் விழுந்தது.

உள்ளே கான்கிரீட் ஓட்டை ஓட்டையாக இருந்தது. விரலை விட்டார், துருப்பிடித்த கம்பி தட்டுப்பட்டது. பக்கத்துத் தூணைத் தட்டினார். அதன் வழவழப்புக்குள்ளும் அதே கதிதான். அடுத்ததும் அப்படியே.

"வேலையை நிறுத்துங்க!"

கான்ட்ராக்டர் முகம் வெளுத்துப்போய், போனும் கையுமாகப் படியிறங்கி ஓடினார்.

ஆய்வாளர் ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். மேஸ்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேணும்னேதான் கோணலாப் பூசினீங்களா, மேஸ்திரி?"

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க? அவர் உங்களை விட்டு ஒரு அடி நகரலையே. என் பாஸ்போர்ட்டு வேற அவர் கையில. கண்ணை உறுத்தற மாதிரி ஏதாவது இருந்தாத்தான் நீங்க நிப்பீங்க, அதான்..."

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. "என்னைப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்?"

மேஸ்திரி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போன வருஷமும் நீங்கதானே சார் வந்தீங்க? அவர் சொன்னாருன்னு கீழ்த்தளத்துத் தூணையெல்லாம் நான்தான் வழவழன்னு பூசி வெச்சிருந்தேன். நீங்க ஒண்ணைக்கூடத் தட்டிப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்களே!"