காம்பாக நிற்பவை

தன் கல்யாண மேடையில் குத்துவிளக்கை அத்தைதான் ஏற்ற வேண்டும் என்று தமயந்தி அடம்பிடித்ததும், அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே கிளம்பி வந்துவிட்டார் அப்பா தம்பையா. அவருடைய அக்கா பொன்னுத்தாய் பீடி சுற்றித்தான் தம்பிகள் எல்லாரையும் ஆளாக்கினாள். அந்த ஓட்டத்தில் அவள் கழுத்தில் தாலி ஏறவே இல்லை.

“ஏட்டி, அது சுமங்கலி ஏத்துத விளக்கு. நாலு பேர் முன்னால நம்ம குடும்ப மானம் என்ன ஆகும்?” என்றார், நாற்காலியில் உட்காராமலேயே.

“வந்ததுதான் வந்தீங்க, இதைப் பாருங்கப்பா” என்று மகள் நுண்ணோக்கியைக் காட்டினாள். எதற்கும் வளையாத முதுகை வளைத்து அவர் குனிந்தார். மண்ணில் தனித்தனியாக மேய்ந்து திரிந்த அமீபாக்கள், தீனி தீர்ந்ததும் ஊர்கூடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் முத்துப்போல ஓர் உருண்டையைத் தூக்கிப் பிடித்திருந்தன.

“எல்லாம் ஒரே ரத்தமா?”

“ஒரே மரபணுப்பா. வேத்து வம்சம்னா பெரும்பாலும் ஒதுங்கிரும்.”

“குடும்பம்னா இப்படில்லா இருக்கணும்!” அவருக்கு நெஞ்சு நிறைந்தது. “உச்சியில இருக்கது?”

“வித்து. அது எங்கயாவது போய்ப் பிழைச்சுக்கும். கீழ காம்பா நிக்கது செத்துரும்.”

“எது காம்பா நிக்கணும்னு யாரு சொல்லுதா?”

“யாரும் சொல்லலப்பா. பெரும்பாலும் அரைவயிறா வளந்ததுக.”

தம்பையா வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு குனிந்தபடியே அக்காவுக்குப் போன் போடச் சொன்னார்.

“அக்கா, உனக்கு என்ன கலர்ல பட்டு எடுக்கட்டும்?”

“ஏலே கூறுகெட்டவனே, கல்யாணம் எனக்கா, உன் மவளுக்கா?” பொன்னுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“விளக்கேத்தும்போது கட்டத்தான்க்கா.”

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது.