அடுத்த வருடத்து யூஜின்

யூஜின் ராப்பகலாக உட்கார்ந்து செய்துகொண்டு வந்த புது இசையைக் கிளப் மேலாளர் பிரதீபா ஒரு நிமிடம்கூட முழுதாகக் கேட்கவில்லை.

"அண்ணா, இதை மெஷின் போன வருஷமே போட்டுடுச்சு. ஜனங்க ஆடிச் சலிச்சாச்சு."

இருபது வருடமாக டிஜே யூஜின் போட்ட இசையையெல்லாம் கேட்டு வளர்ந்த மெஷின் அது. அவன் அடுத்து எப்படி மாறுவான் என்று கணித்து, அவனுக்கு முன்பே அங்கே போய் நிற்கும். கானாத் தாளத்தை டெக்னோவில் கலந்தான். அது ஏற்கெனவே கலந்திருந்தது. வெறுத்துப்போய் மிக்ஸி இரைச்சலைப் பதிவு செய்து வந்தால் அதுவும் பழசு. வெளியே அவனைத்தான் மெஷினைக் காப்பியடிக்கிறவன் என்றார்கள்.

காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"அடுத்த வருஷத்து என்னைப் போட்டுக் காட்டும்மா. அதுக்கு நேர் எதிரா ஏதாவது பண்றேன். எனக்கு வேற தொழில் தெரியாது."

பாவம் பார்த்துப் போட்டாள்.

ஒரு பாட்டின் தாளத்தை இன்னொன்றோடு எந்தப் பட்டனும் தொடாமல் கையாலேயே ஒட்டுவதுதான் யூஜினின் கர்வம். இதிலோ ஒவ்வொரு ஒட்டிலும் தாளம் லேசாக நடுங்கியது.

"ரிப்பேரா?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லேன்னுட்டாங்க. அந்த நடுக்கத்துக்குத்தாண்ணா இப்ப கூட்டமே!"

ஒரு மாதமாக மனைவிக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வந்த வலது கையை யூஜின் மெல்லப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை.